செர்ரிப் பழமும் சிலந்தி வலையும்

பீர் என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! உங்களைக் குடிக்கச் சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு, "இன்றைக்குக் குளிர் அதிகமாக இருக்கிறதே, பொங்குமோ பொங்காதோ?" என்ற கவலையோடு படுக்கப் போகிறவரா நீங்கள்? அப்படியானால், உங்களைப் போலவே இரவுக் காற்றை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் பெல்ஜியம் நாட்டின் தலைநகரமான பிரஸ்ஸல்ஸிலும் இருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம்தான். உங்களுக்குக் குளிர் வந்தால் கவலை. அவர்களுக்குக் குளிர் வராவிட்டால் கவலை!

அவர்கள் செய்யும் பானத்துக்கு 'க்ரீக்' என்று பெயர். அங்கே பேசப்படும் பிளெமிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் புளிப்புச் செர்ரி என்று அர்த்தம். புளித்த பீரில் முழுச் செர்ரிப் பழங்களை மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பது அது. நிறம் மாணிக்கச் சிவப்பு, நுரை இளஞ்சிவப்பு. வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு.

மகனோ மகளோ ஐரோப்பாவில் வேலையாக இருக்க, அவர்களைப் பார்த்துவர விமானம் ஏறும் தாய்மார்கள் இன்று நம்மில் எத்தனையோ பேர். அப்படிப் போன இடத்தில், நண்பர் வீட்டு விருந்து மேஜையில், பிரம்புக் கூடையில் சாய்த்துப் படுக்கவைத்த ஒரு புட்டியை நீங்கள் பார்க்க நேரலாம். "இது என்ன, புட்டிக்குத் தொட்டிலா?" என்று வியப்பாக இருக்கும். நீங்கள் அருந்தினாலும் சரி, அருந்தாவிட்டாலும் சரி, அந்தத் தொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

கழுதை நகரம்

பிரஸ்ஸல்ஸை ஒட்டினாற்போல் ஸ்கார்பீக் என்று ஒரு பகுதி. இன்று அங்கே வீடும் தெருவும்தான். ஒரு காலத்தில் அது தோட்டம் துரவுமாக இருந்த கிராமம். அங்கே விளைந்த செர்ரி அளவில் சிறியது. கறுப்பென்று சொல்லக்கூடிய கருஞ்சிவப்பு. சதை கொஞ்சம், கொட்டை பெரிது, புளிப்போ அதிகம். சும்மா தின்ன அது லாயக்கில்லை. ஆனால் பீரில் ஊறப்போட அதற்கு ஈடு கிடையாது.

இந்தப் பழத்தைக் கழுதைகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு குடியானவர்கள் பிரஸ்ஸல்ஸ் சந்தைக்குப் போவார்கள். கழுதை வரிசையைக் கண்டதும் நகரத்து ஜனங்கள், "அதோ ஸ்கார்பீக் கழுதைகள் வந்துவிட்டன!" என்பார்களாம். இன்றைக்கும் ஸ்கார்பீக்குக்குக் 'கழுதை நகரம்' என்று செல்லப் பெயர் இருக்கிறது. செர்ரி மரங்களின் பெயரால் ஓர் அவென்யூ கூட இருக்கிறது. மரங்கள்தாம் இல்லை. நகரம் வளர வளரத் தோட்டங்கள் போய் வீடுகள் வந்துவிட்டன.

நல்ல வேளையாக, பிரஸ்ஸல்ஸுக்குத் தென்மேற்கே இருக்கும் பாயோட்டன்லாண்ட் என்ற கிராமப்புறத்தில் அந்த ஜாதி மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆடி வெயிலுக்கு நமக்கு மாம்பழம் முடிகிற சமயம் அங்கே செர்ரி பழுக்கும். கொல்லையில் மரம் வைத்திருக்கும் வீட்டார் பழத்தைப் பறித்துப் பீர் ஆலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். புதிதாகக் கன்றுகளும் நடுகிறார்கள். அப்படியும் போதாமல் போலந்து போன்ற நாடுகளிலிருந்து வேறு புளிப்புச் செர்ரியை வரவழைக்க வேண்டியிருக்கிறது.

யாரும் உறை ஊற்றவில்லை

பழத்தை விடுங்கள். அதை ஊறப்போடும் பீர் எப்படி உண்டாகிறது என்பதுதான் இன்னும் வேடிக்கை. அந்த அடிப்படை பீருக்கு 'லாம்பிக்' என்று பெயர்.

மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டிய பார்லி, ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. இரண்டையும் உடைத்து, வெந்நீரில் கரைத்து, கஞ்சித் தெளிவு போல இறுத்துக்கொள்கிறார்கள். அதில் ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைக்கிறார்கள். மற்றப் பீர்களுக்கு ஹாப்ஸ் புதிதாக, வாசனையாக இருக்க வேண்டும். இதற்கோ இரண்டு மூன்று வருஷம் பழையதாக வேண்டும்! கசப்பும் மணமும் போய், பண்டத்தைக் கெடாமல் காக்கும் குணம் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

கொதித்ததைக் கட்டிடத்தின் உச்சிக்கு ஏற்றி, ஆழமில்லாத ஒரு பெரிய செப்புத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். நம் கல்யாணச் சமையலறையில் சர்க்கரைப் பொங்கலை ஆறவைக்கத் தாம்பாளத்தில் கொட்டுவோமே, அந்த மாதிரிதான். தாம்பாளம் ஓர் அறை அகலம், அவ்வளவே! இதற்குப் பேர்போன காண்டியோன் ஆலையின் தொட்டி 7,500 லிட்டர் கொள்ளும். பிறகு பலகணிகளைத் திறந்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

மீதி வேலையை இரவுக் காற்று பார்த்துக்கொள்கிறது. மற்ற ஆலைகளில் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை அளந்து போடுவார்கள். இங்கே யாரும் எதுவும் போடுவதில்லை. காற்றிலே மிதந்துவரும் ஈஸ்ட்டும் நுண்ணுயிர்களும் தாமாக வந்து தொட்டியில் இறங்குகின்றன. பொழுது விடிந்ததும் அதை மரப் பீப்பாய்களில் நிரப்புகிறார்கள். அந்தப் பழைய மரத்தின் துவாரங்களிலும் பரம்பரை பரம்பரையாகக் குடியிருக்கும் உயிர்கள் உண்டு. ஒன்று மாற்றி ஒன்றாக அவை தம் வேலையைச் செய்கின்றன. முதலில் ஒரு கூட்டம் சர்க்கரையைத் தின்னும். அடுத்த கூட்டம் புளிப்பை உண்டாக்கும். கடைசியாக 'பிரெட்டனோமைசிஸ்' என்ற ஈஸ்ட் வந்து ஒரு தனி வாசனையைக் கொடுக்கும். இந்த ஈஸ்ட்டில் ஒரு வகைக்குப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் பெயரையே விஞ்ஞானிகள் வைத்திருக்கிறார்கள்.

நம் இட்லி மாவிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை அல்லவா? உளுந்தோடும் அரிசியோடும் வந்த நுண்ணுயிர்கள்தாம் அதைப் பொங்கவைக்கின்றன. லாம்பிக்கைப் புளிக்கவைக்கும் 'பீடியோகாக்கஸ்' குடும்பம் நம் மாவிலும் இருப்பதாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, தூரத்து உறவுதான்! ஆனால் நம் மாவுக்கு ஓர் இரவு போதும். லாம்பிக்குக்கு ஒன்றிலிருந்து மூன்று வருஷம் பிடிக்கிறது.

சிலந்திக்குச் சலுகை

காண்டியோன் ஆலை பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் இருக்கிறது. 1900-ல் பால் காண்டியோன் என்பவரும் அவர் மனைவி மாரி ட்ரோக்கும் சேர்ந்து ஆரம்பித்த குடும்பத் தொழில். பிறகு பேத்தி வழியாக அது பேத்தியின் கணவர் ஜான் பியேர் வான் ராயின் கைக்கு வந்தது. இப்போது அவர்களுடைய மகன் ஜான் வான் ராய் நடத்துகிறார்.

அங்கே போகிறவர்களை முதலில் திடுக்கிடச் செய்வது ஒட்டடை! பீப்பாய்களின் மேலும் உத்தரங்களிலும் சிலந்தி வலை பின்னிக் கிடக்கிறது. "இத்தனை பெயர் பெற்ற இடத்தில் ஒட்டடை அடிக்க ஓர் ஆள் இல்லையா?" என்று உங்கள் கை பரபரக்கும். வேண்டாம்! அங்கே சிலந்தியைக் கொல்வது பெருங் குற்றம். பழம் ஊறும் கோடை காலத்தில் ஈயும் பூச்சியும் மொய்க்க வரும். பூச்சி மருந்து அடித்தால் காற்றில் இருக்கும் நல்ல உயிர்களுக்கும் ஆபத்து. ஆகவே பூச்சி பிடிக்கும் உத்தியோகத்தைச் சிலந்திகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலைக்காரர்கள்!

செர்ரி வந்ததும் கொட்டையோடு முழுசாகப் பீப்பாயில் போடுகிறார்கள். லிட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாமல் பழம். அதன்மேல் ஒன்றரை, இரண்டு வருஷத்து லாம்பிக்கை ஊற்றுகிறார்கள். பழத்தின் சர்க்கரை கிடைத்ததும், தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொள்கிறது. சில மாதங்களில் அந்தச் சர்க்கரை முழுவதையும் அது தின்று தீர்த்துவிடுகிறது. பழத்தின் நிறம் இருக்கிறது, மணம் இருக்கிறது, புளிப்பு இருக்கிறது. இனிப்பு மட்டும் இல்லை. கொட்டையிலிருந்து இலேசாக வாதுமை வாசனையும் இறங்கியிருக்கும். பிறகு இளம் லாம்பிக் கொஞ்சம் கலந்து புட்டியில் அடைத்தால், உள்ளேயே இன்னொரு தரம் நொதித்து நுரை கட்டிக்கொள்ளும்.

சர்க்கரை செய்த சங்கடம்

இத்தனை பொறுமையாகச் செய்த சரக்குக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். அதற்குப் பெயர் சர்க்கரை.

பிரஸ்ஸல்ஸ் காப்பிக் கடைகளில் முன்பெல்லாம் லாம்பிக் கேட்டால், பக்கத்தில் இரண்டு சர்க்கரைக் கட்டியும் ஒரு சின்ன உலோகக் குத்துக்கோலும் கொண்டுவந்து வைப்பார்கள். 'ஸ்டூம்பர்' என்று அதற்குப் பெயர். புளிப்பு ஆகாதவர்கள் தம் தம்ளரில் கட்டியைப் போட்டு நசுக்கிக் கலந்துகொள்வார்கள். ஆகிறவர்கள் அப்படியே அருந்துவார்கள். அது அவரவர் சௌகரியம்.

உலகமெங்கும் தித்திப்புப் பானங்கள் பெருகின பிறகு, "ஜனங்கள் புளிப்பை விரும்பவில்லை, நாமே இனிப்பாக்கிக் கொடுத்துவிடலாம்" என்று பல ஆலைகள் முடிவு செய்தன. பழச்சாறும் பாகும் இனிப்பும் சேர்ந்தன. இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டிய அவசியம் குறைந்தது. விலையும் மலிந்தது. சிவப்பாக, தித்திப்பாக இருந்த அந்தச் சரக்கும் கடையில் 'க்ரீக்' என்ற அதே பெயரில் விற்றது! உண்மையான க்ரீக்கைச் செய்துகொண்டிருந்த சிறு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. இதைப் பார்த்த வான் ராய் குடும்பம் 1978-ல் தங்கள் ஆலையையே ஒரு பொருட்காட்சி சாலையாகத் திறந்துவைத்தது. "வந்து கண்ணால் பாருங்கள், நாக்கால் ருசித்துப் பாருங்கள்" என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

1997-ல் கொஞ்சம் விடிவு பிறந்தது. பழைய முறையில் செய்ததற்கு மட்டுமே 'ஊடே க்ரீக்' என்றோ, பிரெஞ்சில் 'வியேய் க்ரீக்' என்றோ பெயர் போடலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு அளித்தது. இரண்டுக்கும் 'பழைய க்ரீக்' என்றுதான் பொருள். கடையில் வாங்க நேர்ந்தால் பார்க்க வேண்டியது அந்த ஒரு சொல்லைத்தான். 2016-ல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பட்டம் கிடைத்தாலும் இந்தத் தொழிலில் நிம்மதி கிடையாது. பீர்செல் என்ற ஊரில் 'ட்ரீ பொன்டேனன்', அதாவது 'மூன்று ஊற்று' என்று ஓர் ஆலை. அர்மான் டெபெல்டர் என்பவர் அதன் உயிர்நாடி. 2009 மே மாதத்தில், புட்டிகளை வைத்திருந்த அறையின் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகிவிட்டது. அறை அடுப்பாகக் கொதித்தது. ஆயிரக்கணக்கான புட்டிகள் படார் படாரென்று வெடித்தன. வெடிக்காமல் மிஞ்சிய பல்லாயிரம் புட்டிகளும் சூட்டில் கெட்டுவிட்டன. வருஷக்கணக்கான உழைப்பு! அவர் அதைச் சாக்கடையில் கொட்டவில்லை. நண்பர்களைக் கூட்டி, புட்டி புட்டியாகத் திறந்து ஊற்றி, காய்ச்சி வடித்து வேறொரு மதுவாக மாற்றி விற்றார். சில வருஷங்கள் மற்ற ஆலைகளின் லாம்பிக்கை வாங்கிக் கலந்து கடையை நடத்தி, மறுபடியும் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார். 2022-ல் அவர் காலமானார். ஆலை நடக்கிறது.

பரிமாறும் பக்குவம்

இனி மேஜைக்கு வருவோம். இத்தனை வருஷம் உழைத்துச் செய்ததை ஐந்து நிமிஷத்தில் கெடுத்துவிடலாம். கெடாமல் பரிமாறும் வழி இது:

புட்டியை இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் படுக்கவைத்திருப்பார்கள். அடியில் பக்கவாட்டாக ஈஸ்ட் வண்டல் படிந்திருக்கும். அதைக் கலக்காமல், படுத்த வாக்கிலேயே மெல்ல எடுத்துக் கூடையில் சாய்த்துவைக்க வேண்டும். நீங்கள் பார்த்த தொட்டிலின் ரகசியம் இதுதான்! நிமிர்த்தினால் வண்டல் எழும்பிப் பானம் கலங்கிவிடும்.

ஐஸ் கட்டி கூடவே கூடாது. குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால், கால் மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுத்துவிடுங்கள். 10-லிருந்து 12 டிகிரி வரை இருப்பது உத்தமம். அதிகக் குளிரில் பழ மணம் ஒளிந்துகொண்டு புளிப்பு மட்டும் முன்னால் நிற்கும்.

தம்ளரில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவைத்த மெல்லிய கண்ணாடித் தம்ளர் நல்லது. தக்கையை அவசரமில்லாமல் திருகி எடுங்கள். பக்கத்தில் ஒரு தம்ளரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சில புட்டிகள் பொங்கி வழியும்.

விருந்தினர் நால்வர் என்றால் நாலு தம்ளரையும் வரிசையாக வைத்து, ஒரே ஓட்டத்தில் ஊற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தம்ளருக்கும் புட்டியை நிமிர்த்தி நிமிர்த்திச் சாய்த்தால் கூடையில் வைத்த பிரயாசை வீண். கடைசி வண்டல் புட்டியிலேயே நிற்கட்டும். அது விஷமொன்றும் அல்ல. ஆனால் நிறத்தைக் கலக்கிவிடும்.

முதலில் கண்ணுக்குக் காட்டுங்கள். இளஞ்சிவப்பு நுரை சீக்கிரம் அடங்கிவிடும். பிறகு முகர்ந்து பாருங்கள். செர்ரி, வாதுமை, அதன் பின்னால் ஈர வைக்கோலும் பழைய மர வீடும் போல ஒரு வாசனை வரும். அதுதான் அந்தக் கடைசி ஈஸ்ட்டின் கைங்கரியம். முதல் வாயில் யாருக்கும் முகம் சுளிக்கும். அதைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்றாவது வாயில்தான் நாக்கு பழக்கமாகி, புளிப்புக்குள்ளிருந்து பழம் தெரிய ஆரம்பிக்கும்.

கூடவே தின்பதற்கு? கேட்டால் சந்தோஷப்படுவீர்கள், சைவம்தான். கோதுமை ரொட்டித் துண்டின்மேல் தண்ணீர் வடித்த புது வெண்பாலாடைக் கட்டியைத் தடவி, அதன்மேல் வில்லை வில்லையாக நறுக்கிய சின்னச் சிவப்பு முள்ளங்கியையும் வெங்காயத் தாளையும் தூவி, உப்பும் மிளகும் போடுவது பிரஸ்ஸல்ஸ் வழக்கம். பாலாடைக் கட்டியின் கொழுப்பும் உப்பும் புளிப்பைச் சாந்தப்படுத்தும். முள்ளங்கியின் காரம் அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார்செய்யும். விருந்தின் முடிவில் க்ரீக்கோடு கசப்புச் சாக்லேட் கொடுப்பவர்களும் உண்டு. மாமிசம் சாப்பிடுகிற வீடுகளில் முயலையும் இதிலேயே வேகவைப்பார்கள்.

பழ க்ரீக்கைப் பல வருஷம் பதுக்கிவைக்கவும் வேண்டாம். பழமில்லாத கலவை லாம்பிக் இருபது வருஷம்கூடத் தாங்கும். ஆனால் பழ மணம் நாளாக ஆக மங்கிவிடும். செர்ரிக்காக வாங்கியதைச் சீக்கிரமே திறப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பழச்சாறு போல இருந்தாலும் இது மதுதான்; நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு சாராயச் சத்து இருக்கிறது. குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும், வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும் இது ஆகாது. வேண்டாதவர்கள், "வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, முள்ளங்கி ரொட்டியை இரண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்!

குளிர் எங்கே?

ஆரம்பத்தில் சொன்ன கவலைக்கு வருகிறோம். லாம்பிக்கை அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் காய்ச்சலாம். கோடை இரவில் தொட்டி சீக்கிரம் ஆறாது. காற்றில் கெட்ட கிருமிகளும் அதிகம். இரவு உஷ்ணம் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால்தான் பக்குவமாக வரும்.

ஆனால் உலகமே சூடேறி வருகிறதே! 2015 நவம்பரில், குளிர் வர வேண்டிய மாதத்தில், இரவுகள் கதகதப்பாகவே இருந்தன. காண்டியோன் ஆலையில் காய்ச்சியதைக் கொட்டிவிட்டு, வேலையை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். குளிர்சாதன இயந்திரத்தால் தொட்டியை ஆறவைக்க முடியாதா என்கிறீர்களா? ஆறவைக்கலாம். ஆனால் அந்த இரவுக் காற்று அல்லவா இந்தப் பானத்தைச் செய்கிறது? இயந்திரம் குளிர்ச்சியைக் கொடுக்கும். காற்றில் வரும் விருந்தாளிகளைக் கொடுக்காது.

மரத்தை நகரம் விழுங்கியது. ருசியைச் சர்க்கரை விழுங்கப் பார்த்தது. மரத்தை மறுபடி நடுகிறார்கள். ருசியைச் சட்டம் போட்டுக் காத்துக்கொண்டார்கள். குளிரை மட்டும் எங்கே போய் வாங்குவது? காய்ச்சும் காலம் குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே, எங்காவது ஒரு மேஜையில் அந்தக் கூடைத் தொட்டிலைக் கண்டால், உள்ளே இருப்பது ஏதோ ஒரு குளிர் இரவில் ஆரம்பித்து இரண்டு மூன்று வருஷம் கழித்து உங்கள் முன் வந்திருப்பது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தளிக்கும் அம்மாளிடம், "இது எந்த ஊர்ச் செர்ரி?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். புளிப்பு தாங்கவில்லையா? ஒரு கட்டிச் சர்க்கரை கேட்பதில் வெட்கமில்லை. அந்த ஊர்ப் பெரியவர்களே கேட்டவர்கள்தாம். ஆனால் அதை உங்கள் தம்ளரில் போட்டுக்கொள்ளுங்கள். புட்டியில் போடச் சொல்லாதீர்கள்!